காஜுலு லக்ஷ்மிநரசு செட்டியார்: வாணிகமும் பொதுத்தொண்டும்

வாணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டினார் பலரை நம் நாடு கண்டுளது. அவருள் கோயில் திருப்பணி செய்தார் உளர். குளம் வெட்டினார் உளர். வழிப்போக்கர்க்குச் சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்தார் உளர். இவையெல்லாம் போற்றத்தக்க அறங்களே. ஆயின், ஆளும் அரசை நோக்கி, “நின் அதிகாரிகள் எளிய குடிகளை அடித்து வரி வாங்குகின்றனர், இதற்கு விடை யாது?” என்று கேட்பதற்காகத் தம் கைப்பொருளைச் செலவிட்ட வணிகர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைநின்றவர் சென்னைப் பட்டினத்துக் காஜுலு லக்ஷ்மிநரசு செட்டியார் ஆவர். இந்திய தேசியக் காங்கிரஸ் 1885-ஆம் ஆண்டிலே தோன்றிற்று என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகட்கு முன்னரே இம்மாகாணத்தில் அரசியற் சங்கம் ஒன்றைக் கண்டவர் இவர் என்பதை அறிந்தார் சிலரே. ஆதலின் அவர்தம் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்க்கும், அவர்தம் இல்லத்துத் தாய்மார்க்கும், வளரும் சிறார்க்கும் ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்பாம்.

செட்டியார் நம் குலத்தவர் அல்லர். தெலுங்கு வழங்கும் வணிகக் குடும்பத்திற் பிறந்தவர். ‘காஜுலு’ என்பது தெலுங்கில் வளையல்களைக் குறிக்கும் சொல். நம் குலத்துப் பெரியோரைப் பற்றியே எழுதிவரும் இவ்விதழில் பிறகுலத்தார் ஒருவரைப் பற்றி எழுதுதல் தகுமோ என்று சிலர் வினவலாம். தகும் என்பதே எம் விடை. காரணம் கட்டுரையின் முடிவில் தானே விளங்கும்.

பிறப்பும் தொழிலும்

செட்டியார் 1806-ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தார். அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேதான் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கும்பினியாரை எதிர்த்து எழுந்தனர் என்பதும் நினைக்கத்தக்கது. தந்தையார் சித்துலு செட்டியார். அவர் அவுரியும் துணியும் விற்று வளம்பெற்ற வணிகர். மகனாரும் இளமையிலேயே கடைக்குச் சென்று தந்தையின் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

அவுரி வாணிகம் என்பது யாது என இக்காலத்துச் சிறுவர் அறியார். செயற்கைச் சாயங்கள் தோன்றாத அக்காலத்தில் துணிக்கு நீலம் ஏற்றுதற்கு அவுரிச் செடியே முதன்மையான மூலம். அதன் தழையை நீரிலிட்டுப் புளிக்கவைத்து, அந்நீரை அடித்துக் கலக்கி, அடியிற் படிந்த வண்டலை உலர்த்திக் கட்டிகளாக்குவர். அக்கட்டிகள் கப்பலேறி ஐரோப்பாவிற்குச் சென்றன. சாயமும் துணியும் கடல் கடந்து சென்று பொருளாக மீளும் வாணிகத்தைத் திருப்பூர் வட்டாரத்தார்க்கு எவரும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பண்டத்தின் வடிவு மாறிற்றேயன்றித் தொழிலின் இயல்பு மாறிற்றில்லை.

பத்திரிகை நடத்தியது

1844-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் செட்டியார் ‘கிரெஸெண்ட்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். பிறைமதி என்பது அப்பெயரின் பொருள். இந்துக்களின் நிலையை உயர்த்துதலே அதன் நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது. எட்வர்டு ஹார்லி என்னும் ஆங்கிலேயரே அதன் ஆசிரியராக அமர்ந்தார். வணிகராகிய செட்டியார் ஒன்றை நன்கு அறிந்திருந்தார்: சரக்கு எந்தச் சந்தையில் விலைபோக வேண்டுமோ அந்தச் சந்தையின் மொழியிற் பேசுதல் வேண்டும். ஆள்வோர் படிப்பது ஆங்கிலம். ஆதலின் குடிகளின் குறையும் ஆங்கிலத்திலே அச்சேறுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அரசாங்கத்தார் இப்பத்திரிகையை விரும்பவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அக்காலத்துச் சென்னை கவர்னர் ட்வீடேல் பிரபு ஆவர். அரசாங்கப் பள்ளிகளிற் பைபிளைப் பாடநூலாக வைத்தல் வேண்டும் என்னும் ஏற்பாடு 1846-ஆம் ஆண்டில் அவர் ஆட்சியில் எழுந்தது. செட்டியாரும் அவர் நண்பரும் பெருங்கூட்டம் கூட்டி, மக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் பள்ளியில் ஒரு சமயத்தின் மறைநூலை மட்டும் கற்பித்தல் நடுநிலையன்று என்று இங்கிலாந்திலிருந்த கும்பினி டைரெக்டர்களுக்கு மகஜர் விடுத்தனர். டைரெக்டர்களும் அவ்வேற்பாட்டை ஏற்கவில்லை. தக்க காரணங்காட்டி எழுதிய தாள் ஒன்று கடல்கடந்து சென்று கவர்னரின் எண்ணத்தையும் தடுக்கவல்லது என்பதைச் சென்னை மக்கள் அன்று கண்டனர்.

வரலாறு எழுதுவோன் புகழ்ச்சி ஒன்றனையே எழுதுதல் கூடாது. மதம் மாறியவரும் சாதியினின்று விலக்கப்பட்டவரும் தம் குடும்பச் சொத்துரிமையை இழத்தல் ஆகாது என்று 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம் வகுத்தது. அதனைச் செட்டியாரும் அவரைச் சார்ந்தோரும் எதிர்த்தனர். குடும்பமும் குல ஒழுக்கமும் குலைந்துபோம் என்று அவர் அஞ்சினர். இன்று நோக்குவார்க்கு அச்சட்டம் தனியொருவனது உரிமையைக் காத்த நற்சட்டமாகவே தோன்றும். பெரியோரும் தம் காலத்து வேலிக்குள் நின்றே சிந்திக்கின்றனர் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. செட்டியாரின் சிறப்பு அவ்வேலிக்குள் நின்றதில் இல்லை. பின்னர் அதனைக் கடந்து சென்றதில் உளது. அதனை இனிக் காண்பாம்.

சென்னைச் சுதேசிகள் சங்கம்

கிழக்கிந்தியக் கும்பினியார் இந்நாட்டை ஆளுதற்கு இங்கிலாந்துப் பார்லிமெண்டு இருபது ஆண்டுக்கு ஒருமுறை உரிமைச் சாசனம் புதுப்பித்து வந்தது. 1793, 1813, 1833 ஆகிய ஆண்டுகளிற் புதுப்பித்த சாசனம் 1853-இல் மீண்டும் ஆராய்ச்சிக்கு வரவிருந்தது. கணக்கு முடிக்கும் நாளில் கடைக்குச் சென்று குறைகளைச் சொல்லுதலே பயன்தரும் என்பது வணிகர் அறிந்த உண்மையன்றோ? ஆதலின் கல்கத்தாவில் 1851-இலும், பம்பாயிலும் சென்னையிலும் 1852-இலும் சங்கங்கள் தோன்றின. சென்னையில் 1852-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் ‘மதராஸ் நேட்டிவ் அசோஸியேஷன்’ எனப்பட்ட சென்னைச் சுதேசிகள் சங்கம் நிறுவப்பெற்றது. முதலிற் கல்கத்தாச் சங்கத்தின் கிளையாக நின்ற அது, அவ்வாண்டிலேயே பிரிந்து தனித்து நடக்கலாயிற்று. அதற்கு உயிராய் நின்றவர் லக்ஷ்மிநரசு செட்டியாரே.

அவ்வாண்டின் இறுதியில் அச்சங்கத்தார் பார்லிமெண்டுக்கு நீண்டதொரு விண்ணப்பம் எழுதினர். அதன்கண் முறையிட்ட குறைகள் பல: நிலவரியின் மிகுதி, ஏரி கால்வாய்களைப் பேணாமை, பாதைகளின் குறைவு, நியாயஸ்தலங்களின் தாமதமும் செலவும், கல்விக்கு அரசாங்கம் செலவிடும் தொகையின் சிறுமை என்பன. அவற்றுள் ஒன்று நம் பகுதியார்க்கு மிக நெருங்கியது. அதுதான் ‘மோத்தர்பா’ என்னும் தொழில்வரி.

மோத்தர்பா என்பது நெசவாளன் தறியின்மேலும், தச்சன் கொல்லன் கருவியின்மேலும், சிறு வணிகன் கடையின்மேலும் விதித்த வரி. தெருவோரத்தில் அற்பப் பண்டம் விற்பவனையும் அது விட்டதில்லை. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-ஆம் ஆண்டு கொங்குநாடு கும்பினியார் கைப்பட்டது. அன்று முதல் கோயமுத்தூர் ஜில்லாவைச் சார்ந்த நம் பல்லடம், திருப்பூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலும் உழவன் ரயத்துவாரி முறைப்படி நிலவரி செலுத்தினான். நெசவாளன் தறிக்கு வரி செலுத்தினான். நூல் விலை ஏறினும் துணி விற்பனை குறையினும் வரி குறைந்ததில்லை. சென்னையிற் செல்வராய் வாழ்ந்த வணிகர், எங்கோ ஒரு கொங்குச் சிற்றூரில் குழித்தறியில் அமர்ந்த நெசவாளனுக்காகவும் பார்லிமெண்டின் வாயிலைத் தட்டினர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. அவ்வரி அடுத்த பத்தாண்டிற்குள் ஒழிந்தது.

குடிகள் பட்ட துன்பம்

விண்ணப்பத்தாற் பார்லிமெண்டு உடனே மனம் மாறிற்றில்லை. 1853-ஆம் ஆண்டுச் சாசனம் கும்பினி ஆட்சியை நீட்டித்தே நிறைவேறிற்று. செட்டியார் சோர்ந்திலர். அவ்வாண்டிலே பார்லிமெண்டு அங்கத்தினராகிய டான்பி ஸீமோர் என்பார் இந்தியாவின் நிலையை நேரிற் காணச் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை வரவேற்று, உள்நாட்டிற்கு அழைத்துச் சென்று, குடியானவர்கள் தம் வாயாலே தம் துன்பத்தைச் சொல்லுமாறு செய்தார்.

அத்துன்பம் யாது? கிஸ்தி கட்டத் தவறிய குடியானவனைத் தாலூகா சேவகர் பிடித்துச் சென்று செய்த சித்திரவதைகளே. ‘அண்ணாந்தாள்’ என்பது ஒன்று: உடலை வளைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றாற் பிணித்து நிற்கவைத்தல். ‘கிட்டி’ என்பது மற்றொன்று: இரு கோல்களுக்கிடையே விரல்களை வைத்து நெருக்குதல். கடும்வெயிலில் நிறுத்தலும், முதுகிற் கல்லேற்றலும், பட்டினி போடுதலும் உண்டு. இவற்றைச் செய்தவர் வெள்ளையர் அல்லர். நம்மவரேயாகிய தாசில் சேவகரும் கிராம அதிகாரிகளும் ஆவர். வரி குறையின்றி வந்து சேர்ந்ததைக் கண்ட மேலதிகாரிகள், அஃது எவ்வாறு வந்தது என்று கேட்டிலர்.

1854-ஆம் ஆண்டு ஜூலையில் இச்செய்தி பார்லிமெண்டிற் பேசப்பட்டது. சென்னையில் நெடுநாள் இருந்து மீண்டவருட் சிலர், தாம் இத்தகைய கொடுமையைக் கேட்டதேயில்லை என்றனர். ஆயினும் வாதம் வலுத்தமையால், அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை அரசாங்கம் மூவர் கொண்ட கமிஷன் ஒன்றை அமைத்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்போர் அம்மூவர். கமிஷனுக்கு மூன்று திங்களில் ஏறக்குறைய 2,000 முறையீடுகள் வந்தன. கால்நடையாகப் பல நாட்பயணம் செய்து வந்து நேரில் முறையிட்டாரும் உளர். 1855-ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை, வரி தண்டுதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்தற்கும் சித்திரவதை வழங்கிவந்தது உண்மையே என்று உறுதி கூறிற்று.

வரி தண்டுவோரும் குற்றம் விசாரிப்போரும் ஒருவரேயாய் இருந்தமையே இக்கொடுமைக்கு வித்து என்பது வெளிப்பட்டது. பின்னர் 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் போலீஸ் இலாகா ரெவின்யூவினின்று பிரிக்கப்பட்டுத் தனியே அமைக்கப்பெற்றது. போலீஸார் அடியாமலிருக்கும் காலம் இன்னும் முற்றும் வந்திலது என்பது உண்மை. ஆயினும் வரிக்காக விரலை நெரிக்கும் வழக்கம் ஆள்வோரே நாணும் குற்றமாயிற்று. அதற்கு அடிகோலியவருள் நம் வணிகர் ஒருவர் என்பதும் உண்மை.

வணிகர் இருவர்

அன்பர்காள்! ஈண்டு மற்றொரு வணிகரையும் நினைத்தல் பொருந்தும். செட்டியார் பிள்ளைப் பருவத்தினராய் இருந்த காலத்தில், கோயமுத்தூர்க் கலெக்டர் கச்சேரியிற் பொக்கிஷதாராக இருந்தவர் காசிச் செட்டி என்பவர். அவர் பெருவணிகருங்கூட. கச்சேரியின் அதிகாரத்தைத் தம் வாணிகத்திற்குக் கருவியாக்கிப் புகையிலை முதலிய பண்டங்களிற் பெரும்பொருள் குவித்தார். அரசாங்கப் பணமும் பறிபோயிற்று. 1815, 1816-ஆம் ஆண்டுகளில் தாமஸ் மன்றோ முதலியோர் விசாரணை செய்தபோது அம்முறைகேடுகள் வெளியாயின.

இருவரும் வணிகரே, இருவரும் கணக்கில் வல்லவரே, இருவரும் அரசாங்கத்தை நெருங்கினவரே. ஒருவர் அதிகாரத்தை நெருங்கித் தம் பெட்டியை நிரப்பினார். மற்றவர் அதிகாரத்தை நெருங்கிக் குடிகளின் கணக்கை அதன்முன் விரித்துவைத்தார். வாணிகம் செய்வார்க்கு நடுவுநிலைமை வேண்டும் என்பதை வள்ளுவர் அப்பெயர் கொண்ட அதிகாரத்திலேயே வைத்துக் கூறினார். அந்நடுவு தராசுக்கோலிலே மட்டும் நின்றால் அது கடையறம். பொதுவாழ்விலும் நின்றால் அது நாட்டறம்.

செட்டியாரின் அரசியல் முறையும் வாணிக முறையே. அவர் வாளெடுத்தாரல்லர், சுயராஜ்யம் கேட்டாருமல்லர். சான்று திரட்டினார், பதிவு செய்தார், கையொப்பம் பெற்றார், உரியவரிடம் உரிய காலத்திற் சேர்ப்பித்தார், விடை வருமளவும் மீண்டும் மீண்டும் கேட்டார். கடன்காரனிடம் பற்றுச்சீட்டைக் காட்டுமாப்போல அரசாங்கத்திடம் குடிகளின் குறையைக் காட்டினார். ஆள்வோர் குடிகட்குக் கடன்பட்டவர் என்னும் எண்ணமே பிற்காலத்து விடுதலைக் கிளர்ச்சிக்கு முதல் வித்தாயிற்று.

பிற்காலம்

கும்பினியின் ஆட்சி நீங்கி அரசியாரின் நேர் ஆட்சி வருதல் வேண்டும் என்றும் சங்கத்தார் வேண்டினர். 1858-இல் அம்மாற்றம் வந்தது. அதற்கு உடனடிக் காரணம் முந்திய ஆண்டு வடநாட்டில் மூண்ட பெருங்கிளர்ச்சி. செட்டியார்க்கு ஸி.எஸ்.ஐ. என்னும் விருது கிடைத்தது. 1863-இல் சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தினரானார். தாம் எதிர்த்துநின்ற அரசாங்கமே தம்மை அழைத்து இருக்கையளித்த பெருமை அவர்க்கு வாய்த்தது.

ஆயின் பொதுப்பணி அவர் பொருளைத் தின்றது. பத்திரிகை நட்டத்தில் நடந்தது. மகஜர் அச்சிடவும், இங்கிலாந்திற்கு அனுப்பவும், ஆள் வைக்கவும் வேண்டிய செலவெல்லாம் பெரும்பாலும் அவர் கையினின்றே சென்றது. தந்தையும் தாமும் தேடிய செல்வம் கரைந்த நிலையிலே 1868-ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவர்க்குப் பின் சங்கமும் ஒடுங்கிற்று. ஒருவர் தோளிலே நிற்கும் சங்கம் அத்தோள் சாயுங்கால் தானும் சாயும் என்பது இதன்கண் நாம் அறியும் பாடம். மேலும், ஜமீன்தார்களும் வணிகர்களும் கற்றோருமே அதன்கண் இருந்தனர். எந்தக் குடியானவனுக்காகப் பேசினரோ அவனுக்கு அங்கே இருக்கை இல்லை. இஃது அச்சங்கத்தின் பெருங்குறை.

ஆயினும் விதை மடிந்திலது. 1884-ஆம் ஆண்டு மே மாதத்தில் வீரராகவாச்சாரியார், ஜி. சுப்பிரமணிய ஐயர், அனந்தாசார்லு முதலியோர் சென்னை மகாஜன சபையை நிறுவினர். மறு ஆண்டு பம்பாயிற் காங்கிரஸ் கூடியது. சென்னிமலையிற் பிறந்த குமரன் 1932-ஆம் ஆண்டு ஜனவரியில் நம் திருப்பூர் வீதியிற் கொடியேந்திச் சென்று அடியுண்டு உயிர்நீத்தான். மகஜரிற் கையொப்பமிட்ட கைக்கும் கொடியை விடாத கைக்கும் இடையே எண்பது ஆண்டுகள். குடிகளை அடித்தலாகாது என்று முன்னவர் எழுதினர். அடித்தாலும் அஞ்சேம் என்று பின்னவன் காட்டினான்.

நமக்கு உரியது

இனி, தொடக்கத்திற் கூறாது நிறுத்திய காரணத்தைக் கூறுவாம். சங்கம் என்பது எதற்கு? நம் பிள்ளைகட்கு உபகாரச் சம்பளம் அளித்தற்கும், ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு உதவுதற்கும், மண்டபம் கட்டுதற்கும் என்று கூறுவோம். இவை வேண்டுவனவே, இவற்றைக் குறைகூற யாம் முற்படவில்லை. ஆயினும் லக்ஷ்மிநரசு செட்டியார் தம் குலத்து வழக்கத்தைக் காத்தற்கு எழுதிய விண்ணப்பங்களை இன்று எவரும் நினைப்பதில்லை. முகமறியாத உழவனது விரலைக் காத்தற்கு எழுதிய விண்ணப்பமே அவரை வரலாற்றில் நிறுத்திற்று.

அவுரி விற்றவர் அவர். சாயத்தொழிலால் வாழும் ஊர் நம்முடையது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலிற் கலந்தமையால், 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்திற்கு ஆகாததாயிற்று. கீழ்ப்பகுதி உழவர் கிணறும் நிலமும் கெட்டு நீதிமன்றம் சென்றனர். 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அப்பொழுது வேலையிழந்த தொழிலாளரின் துன்பமும், கடன்பட்ட முதலாளிகளின் துன்பமும் நாம் அறிந்தனவே. கழிவுநீரை வெளிவிடாது சுத்திசெய்யும் முறை கட்டாயமாயிற்று. அன்று ஆற்றின் கீழ்க்கரையிலே நின்ற உழவனுக்காக ஊரின் வணிக சங்கங்களும் குல சங்கங்களும் முன்னரே எத்தனை விண்ணப்பம் எழுதின? நீதிமன்றம் சொல்லுமுன் நாமே சொல்லியிருப்பின் எத்துணைப் பெருமை! எத்துணை நட்டமும் தவிர்ந்திருக்கும்! இவ்வினாவை எவர்மேலும் பழியாகச் சுமத்துகின்றோமல்லேம். நம் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் அமர்ந்து எண்ணுதற்கு உரியதாக முன்வைக்கின்றோம்.

இன்று அருள்புரத்திலும் சூழவுள்ள ஊர்களிலும் பனியன் தைக்கும் கைகளுட் பல தென்மாவட்டங்களினின்றும் வடமாநிலங்களினின்றும் வந்தவை. அவர்தம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து தமிழ் படிக்கின்றனர். அவர்க்கு ஒரு குறை நேரின் எழுதித் தருவார் யார்? உரிய அதிகாரியிடம் சேர்ப்பிப்பார் யார்? விடை வருமளவும் கேட்பார் யார்? எழுத்தறிவும் பொருளும் அமைப்பும் உடைய நாமன்றோ? ஆண்டுதோறும் நம் சங்கம் தன் குலத்தார்க்காகப் பத்து விண்ணப்பம் எழுதுமாயின், பிறர்க்காக ஒன்றேனும் எழுதுக. அவ்வொன்றே நம் பத்தையும் ஆள்வோர் மதித்துப் படிக்கச் செய்யும். தன் பொருட்டு மட்டுமே பேசுவோன் சொல்லை உலகம் வழக்கென்று ஒதுக்கும். பிறர்பொருட்டும் பேசுவோன் சொல்லைச் சான்றென்று கொள்ளும்.

செட்டியார் விட்டுச்சென்ற சொத்து மாளிகையன்று. அரசாங்கமும் விடை சொல்லுதற்குக் கடமைப்பட்டது என்னும் துணிவே. அச்சொத்திற்கு வாரிசு குலத்தால் வருவதில்லை, செயலால் வருவது. அவ்வுரிமை நம் சங்கத்தார்க்கும் ஆகுக.